பதினோராவது வரி

அந்தச் சீட்டை அப்படிப் புத்தகத்துக்குள் செருகி வைக்காதீர்கள் அம்மா. பஸ் ஜன்னல் காற்று அடிக்கிறது. பறந்துபோனால் அந்தப் பக்கத்தில் பழைய சட்டமே நிற்கும். வந்த அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? மடியில் கறுப்புக் கோட்டு. கையில் சட்டப் புத்தகம். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தாள். திருத்தச் சீட்டு இல்லாமல் வேறென்ன? முப்பத்து மூன்று வருஷம் ஒட்டியிருக்கிறேன். கோர்ட்டில் பியூன். பெயர் இருளப்பன். படிப்பு ஐந்தாவது. ஆனால் எங்கள் கோர்ட்டில் சட்டத்தை மாற்றியவன் நான்தான். சிரிக்காதீர்கள். சட்டசபையில் மாற்றுவார்கள், கெஜட்டில் போடுவார்கள், எல்லாம் சரி. புத்தகத்தில் மாற்றுவது யார்? பசையும் கத்தரியும் வைத்திருப்பவன்தானே.

சிலதெல்லாம் பெரிய மாற்றம் இல்லை அம்மா. அச்சில் ஒரு நம்பர் மாறியிருக்கும். ஒரு கட்டத்தில் போட வேண்டியதை இன்னொரு கட்டத்தில் போட்டிருப்பார்கள். சட்டம் எழுதுகிறவர்களும் மனுஷர்கள்தானே. பிறகு கண்டுபிடித்து, 'சிறு பிழைகள் திருத்தம்' என்று ஒரு கெஜட்டு அனுப்புவார்கள். இத்தனையாம் பக்கம், இத்தனையாவது வரி, இதற்குப் பதிலாக இது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்பர் தெரியும். பக்கத்தைப் பிரிப்பேன், வரியை எண்ணுவேன், வெட்டுவேன், ஒட்டுவேன். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்டு நானே கிண்டிய பசை. பூச்சி அண்டாது. ஒருத்தனும் பிரித்துவிட முடியாது. அந்தப் பசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த சிரஸ்தார், ஆபீஸுக்குத் தலைமைக் குமாஸ்தா, தங்கமான மனுஷர். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "தலைப்பும் ஒரு வரிதான்டா இருளப்பா. மேல இருந்து எண்ணு. ஒண்ணுன்னு தலைப்பைத் தொடு." அப்படித்தான் எண்ணினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு சீட்டு தப்பியதில்லை.

பிறகு வந்தவர் வைரவநாதன். அவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரி சொர்ணத்துக்கு ஒரே தம்பி, பூவலிங்கம். எனக்கு மச்சினன். கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர், இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் வளர்மதிக்கு நிச்சயம் வைத்தார்கள். இது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. அத்தையும் மாமாவும் முன்னால் நிற்க வேண்டும் என்று பூவலிங்கம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஒரு நாள் லீவு கேட்டேன் அம்மா. ஒரே ஒரு நாள்.

வைரவநாதன் பேனாவை மூடாமலே சொன்னார். "நீ போகலேன்னா நிச்சயம் நின்னுபோயிருமா?"

"முறைக்காரன் சார்."

"கைநாட்டுக்கு என்னய்யா முறையும் மரியாதையும். போய் ஃபைலைக் கட்டு."

வக்கீல் குமாஸ்தாக்கள் நாலு பேர் நின்றார்கள். ஒருத்தன் சிரித்தான். நான் கைநாட்டு இல்லை அம்மா. கையெழுத்துப் போடுவேன். அழகாகப் போடுவேன். அன்றைக்கு முடிவெடுத்தேன், இந்த ஆளிடம் இனி நானாக வாயைத் திறப்பதில்லை என்று. அவர் கூப்பிட்டால் போவேன். சொன்னால் செய்வேன். நானாக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நான் ஒன்றை மனதில் வைத்தால் வைத்ததுதான். சொர்ணத்திடம் கேளுங்கள், சொல்வாள். இப்போது கேட்க முடியாது, அவள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

மூன்றாவது நாள் கெஜட்டு வந்தது. குளம் கண்மாய் பற்றி அரசாங்கம் அப்போதுதான் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதில் சிறு பிழைகள் திருத்தம். நாலு பிரதி. மாஜிஸ்திரேட் மேஜைப் புத்தகம், ஆபீஸ் புத்தகம், அரசு வக்கீல் புத்தகம், வக்கீல் சங்கத்துப் புத்தகம், நாலுக்கும் நான்தான் ஒட்டுவது. வைரவநாதன் கெஜட்டை என் பக்கம் தள்ளினார். "எப்பவும் போல ஒட்டு" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் பக்கம். பெரிய அட்டவணை. எந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உண்டு, எதற்கு இல்லை என்று வரிசையாக இருக்கும். பதினோராவது வரி. தலைப்பைத் தொட்டு ஒன்று என்று தொடங்கினேன். பதினொன்று வந்தது. சீட்டை வைத்துப் பார்த்தேன். அளவு சேரவில்லை. சீட்டு ஒற்றை வரிக்கு வெட்டியது. அந்தக் கட்டத்தில் எழுத்து இரண்டு வரியாக இருந்தது. ஒட்டினால் கீழே கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

கேட்டிருக்கலாம். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மூன்று நாளைக்கு முன்னால் அப்படிப் பேசிய ஆளிடம் நானாகப் போய், சார் இது எங்கே என்று கேட்க எனக்கு என்ன தலையெழுத்து? நீங்களே சொல்லுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் ஒரு துண்டு வெட்டி அந்த எட்டிப் பார்த்த எழுத்தை மூடினேன். என் வேலையில் பிசிறு இருக்கக் கூடாது. நாலு புத்தகத்திலும் ஒரே மாதிரி. அவர் நாலிலும் ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பார்க்கவில்லை அம்மா. பார்த்திருந்தால் அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் தப்பா, எண்ணி ஒட்டியவன் தப்பா? சரி, விடுங்கள்.

சித்திரை முடிகிற சமயம். கண்மாய் வற்றிக் கிடந்தது. பூவலிங்கம் வயலுக்கு உரமாகப் போட ஒரு டிராக்டர் கரம்பை, கண்மாய் வண்டல்தான், அள்ளினான். எங்கள் பக்கம் காலங்காலமாக அள்ளுவதுதான். புதுச் சட்டத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். அவனுக்கு யார் சொன்னார்கள்? போலீஸ் பிடித்தது. எங்கள் கோர்ட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பனியன் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. மச்சான் கோர்ட்டில் இருக்கிறார் என்கிற தைரியம்.

மாஜிஸ்திரேட் புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கம். "இதற்கு ஜாமீன் கிடையாது. இந்தச் சட்டத்தில் ஜில்லா கோர்ட்டுதான் கொடுக்க முடியும்" என்றார். பதினைந்து நாள் ரிமாண்டு. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்.

வளர்மதி ஓடிவந்தாள். "மாமா, அப்பா வந்துருவார்ல?"

"வந்துருவார் தாயி. நான் இருக்கேன்ல" என்றேன்.

ஐந்தாவது நாள் செங்கல் சூளைக்காரர்கள் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஜே.சி.பி. வைத்துக் கண்மாய்க் கரையையே உடைத்தவர்கள். மாஜிஸ்திரேட் அதே பக்கத்தைப் பார்த்தார். ஜாமீன் உண்டு என்றார். அரை மணி நேரத்தில் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வக்கீல் தேனப்பன் வேப்ப மரத்தடியில் நின்று கத்தினார். "என்னய்யா சட்டம் இது? கரையை உடைச்சவனுக்கு ஜாமீன் உண்டு, ஒரு வண்டி கரம்பை அள்ளினவனுக்கு இல்லை. எழுதினவன் தலைகீழா நின்னு எழுதினானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எட்டிப் பார்த்த அந்த எழுத்து நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு வேளையில் டைப்பிஸ்ட் ஸ்டெல்லாம்மாவிடம் ஆபீஸ் புத்தகத்தைக் கொண்டுபோனேன். படித்தார். பத்தாவது குற்றம் கரையை உடைப்பது, அதன் மேல்தான் 'ஜாமீன் உண்டு' என்கிற சீட்டு. அதற்குக் கீழே கரம்பை அள்ளுவது, அது 'ஜாமீன் இல்லை' என்று அப்படியே கிடக்கிறது. "கெஜட் எங்கண்ணே? அதைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

கெஜட்டு எங்கே இருக்கும்? நாலு பிரதியையும் வெட்டித்தானே சீட்டு எடுத்தேன். மிச்சத் தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. ஒரே ஒரு துண்டு பசை டப்பாவின் மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கொண்டுவந்து காட்டினேன். பொடி எழுத்தில் ஒரு வரி. ஸ்டெல்லாம்மா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வரி எண்ணும்போது தலைப்பைச் சேர்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்ணே."

அதுவரைக்கும் சேர்த்து எண்ணியவர்கள் அந்த வருஷம் மாற்றியிருக்கிறார்கள் அம்மா. மாற்றியவர்கள் பெரிய எழுத்தில் போட வேண்டாமா? அதை இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருத்தர் படித்துச் சொல்ல வேண்டாமா?

வேறு வழியில்லாமல் வைரவநாதன் முன்னால் போய் நின்றேன். இரண்டு மாசம் கழித்து நானாக வாயைத் திறந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. கேட்டதும் முகம் வெளுத்துப்போய்விட்டது. தன் சின்னக் கையெழுத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

"பிரிச்சு மாத்தி ஒட்டிரவா சார்?"

"முத்திரை விழுந்தது ரெக்கார்டுய்யா. பிரிச்சா, கோர்ட் ரெக்கார்டைத் திருத்தினேன்னு உன் மேல நானே புகார் எழுதணும்."

"அந்த மனுஷன் உள்ள கிடக்கான் சார். கல்யாணம்."

"லெட்டர் போடறேன். மெட்ராஸ்லேர்ந்து கெஜட் வரட்டும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

பசை டப்பாத் துண்டை நீட்டினேன். பென்சிலால் ஒதுக்கினார். "இதையா மாஜிஸ்திரேட் முன்னால வைக்கச் சொல்றே?"

தேனப்பனிடம் போனேன். அவர் சங்கத்துப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "இருளப்பண்ணே, நாலு புக்கையும் பார்த்துட்டேன். நாலும் ஒண்ணாத்தானே சொல்லுது? எல்லாத்தையும் உங்க பியூன் தப்பா ஒட்டிட்டான்னு மாஜிஸ்திரேட் முகத்துக்கு நேரா நான் சொல்றதா? பேப்பர் கொடுங்க, சொல்றேன்." பேப்பர் இல்லை. ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். அது கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறை ஜட்ஜ் வாரத்தில் இரண்டு நாள் உட்காருவார். எங்கள் மனுவுக்கு முறை வர வேண்டும்.

நாலு புத்தகம் ஒன்றாகச் சொன்னது அம்மா. ஒரே கை ஒட்டினால் ஒன்றாகத்தான் சொல்லும்.

ஒரு நாள் மதியம் யாரும் இல்லாதபோது மாஜிஸ்திரேட் மேஜைப் புத்தகத்தைத் திறந்தேன். கேஸ் போட்டால் போடட்டும் என்றுதான் திறந்தேன். கட்டை விரலை நனைத்துச் சீட்டின் ஓரத்தில் தேய்த்தேன். நகத்தால் நெம்பினேன். வரவில்லை. என் பசை. தாள் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராகச் சொல்லியிருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? மாஜிஸ்திரேட்டிடம். தினமும் அவர் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவன் நான்தான். டம்ளரை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பேன். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்லைங்கய்யா" என்பேன். அடுத்த நாளும் நிற்பேன். "என்ன?" என்பார். ஏழு நாள் தண்ணீர் வைத்தேன் அம்மா. ஏழு நாளும் அவர் கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் சிரஸ்தார் வாயை மூடு என்று சொன்ன பிறகு பியூன் எப்படித் திறப்பது? காரணம் யார் என்று இப்போது உங்களுக்கே தெரிகிறது இல்லையா?

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவைக்க ஒப்பவில்லை. ஜெயிலில் இருக்கிற ஆள் வீட்டில் பெண் எடுக்கிறோமே, அது போதாதா என்றார்கள். அப்பன் இடத்தில் யார் நிற்பது? பெரியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை புருஷன், கோர்ட்டு உத்தியோகம். நான்தான் நின்றேன். பூவலிங்கம் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியைக் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டேன். வளர்மதி கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தேன். பிள்ளை அழுதுகொண்டே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஏன் வரவில்லை என்று அந்தப் பந்தலில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

இருபதாவது நாள் விட்டார்கள். ஜில்லா கோர்ட்டுப் புத்தகத்தை வேறொரு பியூன் ஒட்டியிருந்தான். ஜட்ஜ் அதைத் திறந்தார், இதற்கு ஏன் ஆளை உள்ளே வைத்தீர்கள் என்று கேட்டார். இரண்டு நிமிஷம் ஆகவில்லையாம். பிறகு புதுக் கெஜட்டு வந்தது. பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். அன்றைக்கு வைரவநாதன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணினார். எனக்கு ஒரு மெமோகூட இல்லை அம்மா. அவருக்கும் இல்லை. ஜில்லா கோர்ட்டுக்கு எழுதிய பதிலில் 'சிறு பிழை, சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார்களாம். ஸ்டெல்லாம்மாதான் டைப் அடித்தார். ஒரு மெமோ கொடுத்திருந்தால்கூட, இதோ பார் எனக்கும் தண்டனை என்று அவனிடம் காட்டியிருப்பேன்.

பூவலிங்கம் டிராக்டரை எடுக்கக் கோர்ட்டுக்கு வந்தான். இளைத்துப்போயிருந்தான். யார் சொன்னார்களோ, எல்லாம் தெரிந்திருந்தது. என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், நாலு புத்தகத்துலயும் நீங்கதான் ஒட்டினீங்களாமே."

"சிரஸ்தார் கையெழுத்துப் போட்டிருக்கார் மாப்பிள்ளை" என்றேன்.

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். "கலியாணத்தன்னைக்கும் உங்களுக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் போய்விட்டான். அதுதான் கடைசி. பன்னிரண்டு வருஷம். சொர்ணம் அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "உங்க பசை நல்ல பசைதான். என் தம்பி வாயையும் சேத்து ஒட்டிருச்சு." அதற்கப்புறம் தம்பி வீட்டுக்கு அவள் தனியாகத்தான் போகிறாள், தனியாகத்தான் வருகிறாள்.

வைரவநாதன் ஓய்வு பெற்று மூன்று வருஷத்தில் போய்ச்சேர்ந்தார். போனேன். மாலை வாங்கிக்கொண்டு போகவில்லை. தலைமாட்டில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஆள் மட்டும் அன்றைக்கு ஒரு நாள் லீவு கொடுத்திருந்தால்...

இதோ, அந்தத் துண்டு. பசை டப்பாவில் இருந்தது. பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் காட்டுவேன். நீங்களும் ஒரு தடவை படியுங்கள். வேறு ஏதாவது அர்த்தம் வருகிறதா?

அதேதானா. எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

இன்றைக்கு எங்கே போகிறேன் என்று கேட்கவில்லையே நீங்கள். பூவலிங்கத்தின் இரண்டாவது பெண் இளவரசிக்குக் கல்யாணம். இன்றைக்குத்தான், ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பத்திரிகை வீட்டுக்கு வந்தது, சொர்ணம் பேருக்கு. மாமன்மார், அத்தைமார் என்று கீழே இரண்டு வரிசை போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேர். என் பேர் இல்லை. தலைப்பிலிருந்து எண்ணினாலும் இல்லை, தலைப்பை விட்டு எண்ணினாலும் இல்லை. இந்தச் சட்டையைப் பார்த்தீர்களா, நேற்றுத்தான் தைத்து வந்தது.

மண்டபம் இந்த வழியில்தான். அதோ வாழை மரம் கட்டியிருக்கிறது பாருங்கள். வாசலில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நிற்கிறானே, தலை நரைத்த ஆள், அவன்தான் பூவலிங்கம். அந்த வேட்டியேதானா என்று தெரியவில்லை. அவன் இடத்தில் அவனே நிற்கிறான். நன்றாக இருக்கிறது, இல்லையா?

பஸ்ஸைப் பார்த்துக்கூடக் கும்பிடுகிறான். இறங்கி வருகிறவர்களுக்குத்தான்.

என்ன கண்டக்டர்? இல்லையப்பா, மண்டபம் ஸ்டாப் எனக்கு இல்லை. அடுத்த ஊருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். விசில் கொடு.

எதிர்ப் பக்கம் பஸ் பத்தரைக்கு இருக்கிறது, பார்த்து வைத்துவிட்டேன். நீங்கள் அந்தப் புத்தகத்தை ஏன் பைக்குள் வைக்கிறீர்கள் அம்மா? நான் தொட மாட்டேன். பசையும் கொண்டுவரவில்லை. உங்கள் கையாலேயே ஒட்டுங்கள், இன்றைக்கே ஒட்டுங்கள். வரியை மேலிருந்து எண்ணுங்கள்.

எண்ணும்போது தலைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.